நீல ஒயர் சுற்றிய கரண்டி

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் இரண்டு எவர்சில்வர் கரண்டிகள் தனித்தனி ஆணியில் தொங்குகின்றன. இரண்டும் ஒரே நாளில், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரே ஆளிடம் வாங்கியவை. ஆனால் ஒன்றின் காம்பில் மட்டும் நீல நிற எலெக்ட்ரிக் ஒயர் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் சூடு தாங்குவதற்காகச் சுற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். ஒரு கரண்டியைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது, வந்தவர்கள் பஸ்ஸைக் கோட்டைவிடுவார்கள். அதைச் சுற்றியவர் என் மாமனார். சுற்றியது எனக்காக.

நான் பிறந்தது முட்டைகூட உடைக்காத வீட்டில். வாழ்க்கைப்பட்டது அஸ்தினாபுரத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் என்னென்ன பேசினார்கள் என்பதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். பேசியவர்களே இப்போது மறந்துவிட்டார்கள், போகட்டும். மதம் மாற மாட்டேன், கறி சாப்பிட மாட்டேன் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். என் கணவர் அதை அவருடைய அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதானாம்: “பூண்டு, வெங்காயமாவது சாப்புடுமா?” சாப்பிடுவேன் என்று தெரிந்ததும், “அப்ப இன்னா பேஜாரு? சாமிய அது பாத்துக்கட்டும், சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்” என்றாராம்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே மாமியார் தவறிவிட்டார். அதிலிருந்து அடுப்படி மாமாவுடையது. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருடம் தோல் தரம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், தோல் என்ன தரம் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்தக் கட்டைவிரலை அவர் அடுப்படிக்கும் கொண்டுவந்திருந்தார். பருப்பு வெந்ததா, மாவு பதமா என்று எல்லாவற்றையும் விரல் கேட்டுத்தான் முடிவு செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மொச்சை சூப்பு. சூப்பு என்றதும் ஓட்டலில் கிண்ணத்தில் தருகிற தண்ணீரை நினைத்துவிடாதீர்கள். இது ஸ்பூன் நிற்கிற சூப்பு. சனிக்கிழமையே மொச்சையை ஊறப்போட்டு, காலையில் கோயிலுக்குப் போகும் முன் ஒரு கொதி விட்டு மூடிவைப்பார். அவர்கள் வீட்டில் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில், எந்தக் கோயில் என்று நான் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். திரும்பி வரும் வழியில் நெஞ்செலும்பு வாங்கிவந்து, சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, மொச்சையோடு சேர்த்து, இறக்கும்போது வாசல் மரத்து முருங்கைக்கீரையை இரண்டு கை உருவிப் போடுவார். அதற்கு முன்பே மொச்சையில் பாதியைச் சின்னப் பானைக்கு மாற்றி, எலும்பு இல்லாமல் எனக்காகத் தனியாகக் கீரை போட்டு வைத்துவிடுவார். பெரிய பானை அவர்களுக்கு, சின்னப் பானை எனக்கு. ஒரே மொச்சை, ஒரே கீரை, இரண்டு அடுப்பு.

கல்யாணமான முதல் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். மாமா கைகளைத் துண்டில் துடைத்தபடி வந்து என் எதிரில் நின்றார். முகம் செத்திருந்தது. “யம்மா, தப்பு பண்ணிட்டேன்” என்றார். “ஏதோ பராக்குல என் கரண்டிய உன் பானைல வுட்டுட்டேன். நீ அத்த சாப்டாத.” வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. நான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருப்பேன். அன்று மதியம் எனக்குத் தயிர்சாதம். தன்னுடைய பானை நிறைய சூப்பு இருக்க, அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டார். “ஏன் மாமா?” என்றேன். “தப்பு பண்ணவனுக்கு இன்னா சூப்பு?” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமைதான் புதிதாக இரண்டு கரண்டி வந்தது. வீட்டில் மிச்சமிருந்த நீல ஒயரை எடுத்து ஒன்றின் காம்பில் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இறுக்கி, “இது உன்துது. இன்மே இருட்டுல எடுத்தாகூட என் வெரலுக்குத் தெரிஞ்சிடும்” என்றார். கொள்கை, சமத்துவம் என்று பெரிய பெரிய வார்த்தைகளை நானும் மேடைகளில் கேட்டிருக்கிறேன். மரியாதை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒயரைப் பார்த்துத்தான்.

பத்து வருடம் இப்படிப் போயிற்று. அதற்குப் பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி. நல்லவேளையாகச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கட்டி கரைந்துவிட்டது, கவலைப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் கட்டியோடு சேர்ந்து அவருடைய நாக்கின் ருசியும் போய்விட்டது. எச்சில் வற்றிவிட்டது. “சோறு மண்ணு மாதிரி கீதும்மா, காப்பி வெந்நீ மாதிரி கீது” என்றார். நாளுக்கு நாள் சாப்பாடு குறைந்தது. சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எடை நாற்பத்து மூன்று கிலோவுக்கு வந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “ஒரு மாசம் டைம் தர்றேன். அடுத்த தடவை இதுக்குக் கீழ போனா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும். ருசி இப்போதைக்கு வராதும்மா. சிலருக்கு மாசக்கணக்கா ஆகும், சிலருக்கு முழுசா வராமலும் போகலாம். ருசியை எதிர்பார்க்காம சாப்பிட வைங்க.”

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கி முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா, “டியூபு மட்டும் வேணாம்மா” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் என் கணவர்தான் சொன்னார். மாமியார் கடைசி இரண்டு மாதம் மூக்கில் டியூப்போடுதான் இருந்தாராம். கஞ்சியை வடிகட்டி அதில் ஊற்றியது மாமாதானாம். “இன்னா வேணும்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லாமயே போயிட்டா” என்று அப்பா அடிக்கடி புலம்புவார் என்றார். டியூப் போட்டுக்கொண்டு நன்றாகப் பிழைத்து எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் மாமாவிடம் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க முடியும் என்று தோன்றவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு மாதம்.

கஞ்சி வைத்தேன், ராகிக் கூழ் வைத்தேன், பருப்பு கடைந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் “நல்லா கீதும்மா” என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்துவார். அந்த ‘நல்லா கீதும்மா’வைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என்னதான் ஆனாலும் ஆகட்டும் என்று மொச்சையை ஊறப்போட்டேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர், “இன்னாத்துக்கு?” என்றார். “நாளைக்கு உங்க சூப்பு. நான் வைக்கப்போறேன், எலும்பு போட்டு” என்றேன். அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போயிருந்த குரல் கீச்சென்று எழும்பியது. “பத்து வருசமா உன் கரண்டிய காப்பாத்திக்கினு வந்துக்கிறேன். நீயே போயி கெடுத்துக்கிறியா? வாணாம், வுட்ரு!” எனக்கும் கோபம் வந்துவிட்டது. “பத்து வருஷமா எனக்காக ரெண்டு பானை வெச்சீங்கல்ல? உங்களுக்காக நான் ஒரு பானை வெக்கக் கூடாதா? நான் சாப்பிடப்போறதில்ல மாமா, சமைக்கத்தான் போறேன்!” என்று கத்தினேன். அவர் முனகிக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கறிக்கடைக்குப் போனேன். பத்து வருடமாக மூக்கை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கமாகக் கடந்துபோன கடை. கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் வழி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். “சூப்புக்கு… எலும்பு” என்றேன். “இன்னா எலும்புக்கா? நெஞ்செலும்பா, காலா?” எனக்கு என்ன தெரியும்! “அஸ்தினாபுரத்துல, தோல் கம்பெனில இருந்த பெரியவர்… ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாரே…” என்று இழுத்தேன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “அவரு மருமவளா? எப்டிக்கீறாரு மனுசன்? ஆளே காணோமேன்னு பாத்துக்கினே இருந்தேன்.” அவரே பார்த்துப் பார்த்து எடுத்து வெட்டி, இரண்டு மூன்று கவர் போட்டு, கையில் படாதபடி கட்டிக் கொடுத்தார். “கழுவறப்ப மூச்சப் புடிச்சிக்கோக்கா, அப்புறம் பழகிடும்” என்றார். பழகவில்லை, அது வேறு விஷயம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, குழாயடியில் நின்று, இரண்டு தடவை குமட்டி, ஒருவழியாகக் கழுவி அடுப்பில் ஏற்றினேன்.

முதல் வாரம் சொதப்பல். மாமா எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தேன்: தக்காளி, மிளகு எல்லாம் போட்டு. உப்புப் போடும்போதுதான் விக்கித்து நின்றேன். நான் ருசி பார்க்க முடியாது. சாப்பிடப்போகிறவருக்கு ருசியே தெரியாது. ருசி தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பானை சூப்பு! என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு “சூப்பர்” என்றார். அவருக்கு எல்லாமே சூப்பர். சாம்பாரில் புளி போட மறந்தாலும் சூப்பர், புளிக்குப் பதிலாகச் செங்கலைக் கரைத்து ஊற்றினாலும் சூப்பர். மாமா அரைக் கிண்ணம் குடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. “நல்லா கீதும்மா” என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் போனேன். குழாயடியில் நின்று திரும்பத் திரும்ப வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார். கரண்ட் வைத்த வாய், ரணம். மிளகும் தக்காளியும் அதில் நெருப்பைக் கொட்டியிருக்கின்றன. இதைக்கூட யோசிக்காமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மிளகு, தக்காளி இரண்டையும் விட்டேன். மொச்சையைத் தோல் உரித்துக் குழைய வேகவைத்தேன். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அவர் ஒத்துழைத்தார். அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கிண்ணத்தில் நான் தந்த மொச்சையைக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்து, “இன்னும் ஒரு கொதி” என்பார். நாக்குதான் போயிருந்தது, விரல் இருந்தது. உப்புக்கு நான் கணக்கு டீச்சர் புத்தியைப் பயன்படுத்தினேன். என்னுடைய பானையில் நாலு டம்ளர் தண்ணீர், அவர் பானையிலும் நாலு டம்ளர். என் பானையில் உப்புப் போட்டு, நான் ருசி பார்த்து, எத்தனை ஸ்பூன் சரியாக வருகிறதோ அதையே அவர் பானையிலும் போடுவது. வாரத்தில் மூன்று நாள் சூப்பு என்று ஆயிற்று. மாமா மூக்கால் அழாமல் ஒரு கிண்ணம் குடித்தார். ருசி தெரிந்து இல்லை, எனக்காக. மருந்து குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, அதே பல்லவி: “நல்லா கீதும்மா.”

டாக்டர் சொன்ன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பார்த்து கிருத்திகை. கிருத்திகைக்கு நான் விரதம். சாயங்காலம் விளக்கேற்றும் வரை பாலும் பழமும்தான், ஒரு பருக்கைகூட வாயில் படக் கூடாது. என்னைவிட மாமாவுக்கு இது நன்றாகத் தெரியும். என் பஞ்சாங்கத்தை எனக்கு ஞாபகப்படுத்துவதே அவர்தான். “இன்னிக்கு எலும்பு தொடாதம்மா, கஞ்சி போதும்” என்றார். எனக்கும் தயக்கம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். முருகா, நாளை மறுநாள் இந்த மனுஷனை எடை போடப்போகிறார்கள், உனக்கே தெரியும், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டுக் கறிக்கடைக்குக் கிளம்பினேன்.

அன்று எனக்கு நிலைகொள்ளவில்லை. எலும்பு வேகும்போதும் செவ்வாய்க்கிழமை ஞாபகம், கீரை உருவும்போதும் அதே ஞாபகம். விரதம் என்பதால் என் பானையை அன்று வைக்கவில்லை. ருசி பார்க்கவும் இல்லை. கிண்ணத்தில் ஊற்றி மாமா கையில் கொடுத்துவிட்டு, என் கணவருக்கும் ஊற்றிவிட்டு, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “சூப்பர்” என்றார் என் கணவர், வழக்கம்போல. மாமாவின் ‘நல்லா கீதும்மா’ வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாயில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு விழுங்கிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்:

“இன்னாம்மா, உப்பே போடலியா?”

“போட்டேனே, வழக்கமா போடற ஒன்றரை ஸ்பூன்…” என்று ஆரம்பித்தேன். விரத மயக்கத்தில் எனக்கு எரிச்சல் வேறு. ஒருத்தி பட்டினி கிடந்து சமைக்கிறாள், குறை சொல்கிறாரே என்று. அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். உப்பு ஜாடி மூடி திறக்காமல் இருந்தது. ஸ்பூன் காய்ந்த நிலையில் பக்கத்தில் கிடந்தது. என் பானை இல்லாததால் அந்தக் கணக்கே அன்று நடக்கவில்லை. சுத்தமாக மறந்திருக்கிறேன்.

“மாமா” என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்ல எழுந்து வந்து, ஜாடியைத் திறந்து, கட்டைவிரலை உப்பில் ஒற்றி நாக்கில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். “கரிக்குது” என்றார். திரும்பவும் ஒற்றி வைத்தார். “யம்மா, உப்பு கரிக்குதும்மா!” அந்த ஒடிந்துபோன உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. என் கணவர் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “உப்பு இல்லையா? எனக்குத் தெரியலியே!” என்று அழுதார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். நான் மட்டும் அன்று கணக்குத் தவறாமல் உப்புப் போட்டிருந்தால், அவர் கண்ணை மூடிக் குடித்துவிட்டு ‘நல்லா கீதும்மா’ என்றிருப்பார். ருசி திரும்பி வந்து வாசலில் நின்றது எங்கள் யாருக்குமே தெரிந்திருக்காது. உப்புப் போட்டதும் அன்று இரண்டு கிண்ணம் குடித்தார். மூன்றாவது கேட்டபோது நான்தான் மிரட்டி நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை தராசு நாற்பத்து நாலு காட்டியது. டியூப் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மொச்சை, எலும்பு, முருங்கைக்கீரை என்றேன். “நல்லா செய்வீங்களா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்: “உப்பு மட்டும் மறந்துடும் சார்.”

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. மாமாவுக்குக் காரம் இன்னும் ஆகாது, இனிப்பு பாதிதான் தெரிகிறது. மற்றபடி முருங்கைக்கீரையை உருவித் தருவதும் மொச்சையை நசுக்கிப் பார்த்து உத்தரவு போடுவதும் அவர் இலாகா. நான் இரண்டு பானையும் வைக்கிறேன். நீல ஒயர் கரண்டி இன்றுவரை பெரிய பானைக்குள் போனதில்லை. அந்த விஷயத்தில் அவர் என்னைவிடக் கறார். அந்த ஒயர் ஒருமுறை தளர்ந்தபோது, அவரே புதிதாகச் சுற்றினார். கடித்து இறுக்கப் பல் இல்லை, நுனியை என்னிடம் நீட்டினார். நான் கடித்து இறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு கம்மிம்மா” என்பார். ஒரு வாரம் தவறாது. கம்மியெல்லாம் இல்லை. என் பானையில் நான் ருசி பார்த்துத்தானே போடுகிறேன், கணக்கு தப்பாது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் ஜாடிப் பக்கம் போய், எதையும் எடுக்காமல் வெறும் விரல்களைக் குவித்துக்கொண்டு வந்து, அவர் கிண்ணத்தின் மேல் தூவிவிட்டு நிற்பேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு இன்னொரு வாய் குடித்துவிட்டுச் சொல்வார்:

“ஆங். இப்ப சரியா கீது.”